பஸ்ஸு போச்சு போகட்டும்

பல்லக்காவுக்குப் புல்லாங்குழல் என்றால் ஆகவே ஆகாது. இந்த உண்மை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று, பல்லக்கா. அவள் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் விறைத்துக் கிடக்கிறாள், வாயைத் திறந்து சொல்ல முடியாது. இன்னொன்று, அவளோடு பல் செட் கட்டுகிற லேப்பில் வேலை பார்க்கும் மெழுகு என்பவன். அவன் இன்னும் வந்து பார்க்கவில்லை.

ஆகவே புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நர்ஸ் வந்து முகம் துடைத்து, மூக்குக் குழாயில் ஆகாரம் ஊற்றி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனதும் அவள் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதற்குள் யாரோ ஒரு மகானுபாவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்து, விட்டுவிட்டு, மறுபடி அதையே இழுப்பார். எங்கேயாவது போய்ச் சேருவார் என்று காத்திருந்தால் காத்திருந்தவர்தான் ஏமாளி. சாயங்காலம் நர்ஸ் வந்து, "போதும் சார், பக்கத்து ரூம்ல தூங்கணுங்கறாங்க" என்று சொல்லும் வரை இதே கதைதான்.

வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய டாக்டரம்மாதான் பாட்டுப் போடச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதில் பல்லக்காவின் உடம்பு மொத்தமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கண் பாதி திறந்திருக்கும், எதையும் பார்க்காது. உள்ளே ஆள் இருக்கிறாளா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

"காது கேக்குதா, புரியுதான்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியல சார்" என்றார் டாக்டரம்மா. "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஏதாவது இருந்தா போட்டுப் பாருங்க. விரல் அசையுதா, கண்ணு திரும்புதா, ஏதாவது ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் சேந்து வந்து பாப்போம். சின்ன அசைவு இருந்தாக்கூட பயிற்சி வார்டுக்கு மாத்திடலாம். அங்கே எழுந்து உக்காந்தவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"பராமரிப்பு இல்லம்தான். ஆகாரம் குடுப்பாங்க, திருப்பிப் படுக்க வைப்பாங்க. அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது."

பல்லக்கா இதை ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். உள்ளே ஆள் இருந்தாள். கோபமும் தாகமும் மூக்கு நுனியில் அரிப்புமாக முழு ஆளாக இருந்தாள். பாட்டா? பாட்டைப் போடுங்கள், எழுந்து ஆடியே காட்டுகிறேன் என்று உள்ளுக்குள் கத்தினாள். வீட்டுக்காரர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "பிடிச்ச பாட்டுதானே? அது எனக்குத் தெரியாதா டாக்டர்?" என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, வரப்போவது புல்லாங்குழல் என்று.

எல்லாம் ஒரே ஒரு பொய்யில் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர். பென்சில் சீவுவதில்கூட ஒரு ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவரும், அவரைப் போலவே கழுத்து வரை பொத்தான் போட்ட ஏழெட்டுப் பேரும் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் கூடி, விளக்கைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு இசை கேட்பார்கள். நடுவில் யாராவது இருமினால் முறைப்பார்கள். கல்யாணம் நிச்சயமான புதிதில் அவளையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போனார். பல்லக்கா பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொட்டாவியை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த அவர் அப்படியே உருகிப்போனார்.

"உங்களுக்கும் புல்லாங்குழல் பிடிக்குமா?" என்று கேட்டார். நல்ல மனிதர், கேட்ட விதமும் நன்றாக இருந்தது.

"உசுரு" என்றாள் அவள்.

இல்லைங்க, தூக்கம் வருது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அவளை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிருக்கும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் புல்லாங்குழல் இசைத்தட்டுதான். "வேலை செய்யும்போது கேக்கலாமே" என்று சமையலறைக்கு ஒரு ஸ்பீக்கர். சொந்தக்காரர்கள் வந்தால், "இவ புல்லாங்குழல் கேட்டா அழுதுடுவா" என்று பெருமை. ஒரு கல்யாண நாளன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "எப்பவாவது வேற மாதிரிப் பாட்டும் கேக்கலாங்க" என்று மெல்ல ஆரம்பித்தாள். "உன் ரசனையப் பாத்துத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினால் அதுவும் வீட்டில் ஒரு ஆளாகிவிடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் பல்லக்கா உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு உசுரான பாட்டு வேறு. ஓடாத படம் ஒன்றில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் செருகிய ஆட்டப் பாட்டு. தகர டப்பாவைத் தட்டுகிற தாளம். மூக்காலேயே பாடுகிற ஒரு ஆள். நடுநடுவே நாலு பேர் "ஹேய்" என்று கத்துவார்கள், எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

பஸ்ஸு போச்சு போகட்டும்
பல்லக் காட்டு மச்சானே

இது பல்லவி. சரணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை. பல் கட்டப் பயிற்சிக்குப் போன காலத்தில் அவள் போகிற பஸ்ஸில் டிரைவர் இதைப் போடுவார். பஸ்ஸே முகத்தைச் சுளிக்கும். பல்லக்கா மட்டும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். காரணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காதலித்தவன் ஞாபகமா, செத்துப்போனவர் ஞாபகமா, ஒரு மண்ணும் இல்லை. கேட்டால் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான். புழுக்கமான அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மகள் ஒருத்தி இருக்கிறாள். விளம்பரக் கம்பெனியில் வேலை, ரசனையில் அப்பாவை மிஞ்சியவள். ஒருமுறை மூவரும் காரில் போகும்போது பெட்ரோல் பங்க்கில் இந்தப் பாட்டு அலறியது. "ஐயோ, இதையெல்லாம் மனுஷங்க கேப்பாங்களாப்பா?" என்று மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரித்தார். எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தது பல்லக்காதான். செருப்புக்குள் கால் கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. யாருக்குப் பயந்தாள்? அடிக்கிற புருஷனா, திட்டுகிற மகளா? தன்னைப் பார்த்து அவர்கள் ஒரு நிமிஷம் சிரிப்பார்களே என்ற பயம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து ஒரு ஆயுசையே கொடுத்துவிட்டாள்.

லேப்பில் மட்டும் கதை வேறு. பல் செட்டைத் தேய்த்து வழவழப்பாக்குகிற மோட்டாருக்குக் காலால் அழுத்துகிற பெடல் உண்டு. மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். தீப்பெட்டி அளவில் ஒரு பழைய பாட்டுப் பெட்டியை மேஜை டிராயரில், வேண்டாத தாடை அச்சுகளுக்கு அடியில் அவள் ஒளித்துவைத்திருந்தாள். ஃபோனில் வைத்தால் மகள் பார்த்துவிடுவாளே. ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் பல்லெல்லாம் பளபளக்கும். எதிர் மேஜையில் மெழுகில் பல் வரிசை அடுக்குகிறவன் இருந்தான். லேப்பில் அவன் பெயரே மெழுகுதான். முன்மண்டை வழுக்கை, கொஞ்சம் பயந்த சுபாவம், தங்கமான ஆள். அவளுக்குப் பல்லக்கா என்று பேர் வைத்ததும் அவன்தான். ஒருநாள் அவன் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"அக்கா, உங்க மோட்டாரு 'பஸ்ஸு போச்சு' பாடுது."

உண்மைதான். கால் அவளைக் கேட்காமலே தாளத்துக்குப் பெடலை மிதித்திருக்கிறது. மோட்டார் வ்ர்ர், வ்ர்ர் என்று விட்டு விட்டு ஓடியிருக்கிறது. யாருடைய கடைவாய்ப் பல்லிலோ ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பல்லக்காவுக்குத் திக்கென்றது. அவளைக் கூட்டிப்போக வருகிற வீட்டுக்காரர் மெழுகோடு நின்று பேசுகிற வழக்கம் உண்டு.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் காதுக்கு இது போகக் கூடாது."

"சே, நான் ஏங்க்கா சொல்லப் போறேன்?"

"வாயால சொன்னா ஆச்சா? உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

அவன் முகம் வெளுத்தது. அப்போது அவன் பெண் கைக்குழந்தை. பல்லக்கா விளையாட்டுக்குத்தான் கேட்டாள், சும்மா சொன்னேன் தம்பி என்று சொல்லவும் வாயெடுத்தாள். அதற்குள் அவன் மெழுகைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எழுந்தே நின்றுவிட்டான். "எம் பொண்ணு மேல சத்தியம். என்ன ஆனாலும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். பல்லக்காவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நிம்மதியாகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பல்லக்கா விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில். கையிலிருந்த தட்டு நழுவியது, பிறகு தரை பக்கத்தில் வந்தது. அப்போதும் ஸ்பீக்கரில் புல்லாங்குழல்தான்.

இப்போது ஆஸ்பத்திரி அறையில் அதே புல்லாங்குழலைப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி பார்ப்பார். மகள் வேலை முடிந்து வந்து, "அப்பா, அம்மாவுக்கு அந்த மழை ராகம்தான் ரொம்ப இஷ்டம், அதைப் போடுங்க" என்பாள். இருப்பதிலேயே நீளமானது அதுதான். இத்தனை பேர் இத்தனை ஆசையாகத் தப்புச் செய்து யாரும் பார்த்திருக்க முடியாது.

புதன்கிழமை மத்தியானம் ஜன்னல் திறந்திருந்தது. கீழே சிக்னலில் ஒரு வேன் வந்து நின்றது. தகர டப்பா தாளம். முதலில் அவள் நம்பவில்லை. மூக்கால் பாடுகிற ஆள் வந்ததும் நம்பினாள். பஸ்ஸு போச்சு போகட்டும். போர்வைக்குள் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. ஒருமுறை. பிறகு தாளத்துக்கு. பிறகு பாதமே பெடலை மிதிக்கிற மாதிரி முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. உடம்பில் அந்த ஒரு ஓரம் உயிரோடு இருந்தது. காலைப் பாருங்கள், கடவுளே, யாராவது என் காலைப் பாருங்கள்! வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அவள் காலைத் தாண்டி, ஜன்னலுக்குப் போனார்.

"சே, என்ன கண்றாவிப் பாட்டு. இவளுக்கு இதைக் கேட்டா தலைவலியே வந்துடும்" என்று இழுத்துச் சாத்தினார்.

கால் நின்றது. அவர் வந்து அவள் நெற்றியைத் தடவி, "ஒண்ணுமில்லம்மா, சாத்திட்டேன்" என்றார். அத்தனை அன்பாகச் சொன்னார். அந்த அன்பைக் கேட்டு அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரைப் போய்க் கோபித்துக்கொள்கிறோமே என்று அழுகையும் வந்தது. இரண்டுமே வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு தனக்குத்தானே பாடிப்பார்த்தாள். கால் அசையவில்லை. காது வழியாக வந்தால்தான் காலுக்குப் போகும் போலிருந்தது, மனசிலிருந்து போகிற பாதை அறுந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, புல்லாங்குழல் விடாமல் இழுத்ததில் பாட்டே நழுவ ஆரம்பித்தது. பல்லவி இருந்தது. சரணத்தில் இரண்டாவது வரி என்ன என்று எவ்வளவு முட்டிக்கொண்டும் வரவில்லை. பராமரிப்பு இல்லத்தில் வருஷக் கணக்கில் இந்தக் குழலைக் கேட்டுக்கொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போவதை நினைத்தாள். அதற்குச் சாவே தேவலை என்று தோன்றியது. சாவதற்கும் ஒரு கை வேண்டியிருக்கிறதே.

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரர் லேப்புக்குப் போய் அவள் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துவந்தார். அவள் மேஜை வேறு ஆளுக்குப் போகிறதாம். பழகின பொருளைப் பார்த்தாலாவது அசைவாளா என்று ஒவ்வொன்றாக எடுத்து அவள் கண்ணுக்கு நேரே காட்டினார். "இதோ பாரு, உன் கண்ணாடி. இது உன் டீ கப்பு." முகமூடி வந்தது. கைத்துண்டு வந்தது. அச்சுத் தாடை ஒன்று பல்லை இளித்துக்கொண்டு வந்தது. பல்லக்கா பாட்டுப் பெட்டிக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருஷம் எந்தக் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்தாளோ அந்தக் கண்ணில் இப்போது பட்டுத் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அட்டைப்பெட்டி காலியாகிவிட்டது.

"டிராயரை மெழுகுதான் ஒழிச்சுக் குடுத்தாராம். ரொம்ப நல்ல மனுஷன்" என்றார் அவர். "சாயங்காலம் பாக்க வர்றேன்னு சொன்னாரு."

அப்படியானால் பெட்டி மெழுகிடம் இருக்கிறது. கொண்டுவரத்தான் எடுத்திருக்கிறான். பல்லக்கா அன்றைக்குச் சாயங்காலம் வரை உயிரோடு இருந்தாள். முந்தின நாட்களை அப்படிச் சொல்ல முடியாது.

மெழுகு கையில் பழப் பையோடு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். மூக்குக் குழாயைப் பார்த்ததும் உதடு துடித்தது. வீட்டுக்காரர் அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"எந்நேரமும் இதேதான் போடறீங்களா சார்?"

"வேற என்ன போடறது? இவளுக்கு இதுதானே உலகம். நாளைக்கு டாக்டருங்க வந்து பாக்கறாங்க. ஒரு விரல் அசைஞ்சாப் போதுமாம், பயிற்சி வார்டுக்கு மாத்திடுவாங்க." அவர் குரல் உடைந்தது. "எதுக்கும் அசைய மாட்டேங்கறாளே. உங்களை ஒண்ணு கேக்கணும். லேப்ல எப்பவும் காதுல மாட்டிக்கிட்டுத்தான் வேலை செய்வான்னு சொன்னாங்க. அங்கே என்ன கேப்பா? உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டார். நேருக்கு நேராகக் கேட்டேவிட்டார். சொல்லு தம்பி. அந்தச் சத்தியமெல்லாம் சும்மா, விளையாட்டு, உன் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது, என் தலையில் விடியட்டும், நீ சொல்லு! மெழுகின் கை சட்டைப் பையருகே போய், வெறுமனே பொத்தானைத் திருகியது. அவன் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம்தான் காய்ச்சலில் விழுந்து பிழைத்திருந்தாள். ஆனால் அவன் அதை மட்டும் நினைத்தவனாகத் தெரியவில்லை. பல்லக்காவின் முகத்தைத்தான் பார்த்தான். பாதி திறந்த அவள் கண் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் பேச முடியாமல் கிடக்கிற ஒருத்தியின் ரகசியத்தை அவள் முன்னாலேயே அவிழ்ப்பதா என்று அவனுக்கு மனசு வரவில்லை.

"இதேதான் சார்" என்றான். "புல்லாங்குழல்தான். வேற எதையும் கேக்க மாட்டாங்க."

வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அங்கேயும் இதேதானா... அங்கேயும் விடலையா..." என்று தேம்பினார். முகம் கழுவிவர எழுந்து வெளியே போனார்.

மெழுகு கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு கட்டிலருகே வந்து அவள் காதோடு குனிந்தான்.

"அக்கா, பயப்படாதீங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. அந்தப் பெட்டிய சார் வர்றதுக்கு முந்தியே எடுத்து ஒளிச்சுட்டேன். இனிமே எவன் கண்ணுலயும் படாது. உங்க மானம் எம் மானம் மாதிரிக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க நிம்மதியா இருங்க."

போர்வைக்கு மேலாக அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். தொட்டது வலது காலைத்தான்.

வீட்டுக்காரர் ஈர முகத்தோடு திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "நான்கூட கொஞ்சம் சந்தேகப்பட்டுட்டேன்மா, வேற ஏதாவது போட்டுப் பாக்கலாமோன்னு" என்றார். "இப்ப மனசு தெளிவாயிடுச்சு. நாளைக்கு அவங்க வரும்போது அந்த மழை ராகத்தையே போடறேன். முழுசா." எட்டி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பல்லக்கா உள்ளே பாட்டைத் தேடினாள். பஸ்ஸு போச்சு என்பது வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் புல்லாங்குழல்தான் கேட்டது.